விமான சேவை என்றுதான் சொன்னேன், அம்மா

கோயிலிலிருந்து வந்தால் வாசலிலேயே நிறுத்தி, "சேவிச்சியா?" என்று கேட்கும் என் அம்மாவுக்கு,

உன் ரங்கு எழுதுகிறேன். உனக்குக் கடிதம் எழுத வேண்டிய அவசியம் இதுவரை வந்ததே இல்லை. ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் அந்த ஒரே வீடு, அதில் நாம் இரண்டே பேர். சமையலறையிலிருந்து கூப்பிட்டால் காதில் விழும் தூரத்திலேயே எனக்கு நாற்பத்தைந்து வயதாகிவிட்டது. பங்குனியில் நீ என்னை விட்டு ஆசாரியன் திருவடி அடைந்த பிறகு எனக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்திருக்கிறது. எதையாவது பார்த்தால் உடனே உன்னிடம் சொல்ல வாயைத் திறந்துவிடுகிறேன். இந்த ஆவணியில் பார்த்ததை வாயோடு நிறுத்த முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. மாடிக்குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. பக்கத்து வீட்டுக் கோமளா மாமி தினமும் ஒரு தடவை எட்டிப் பார்க்கிறாள், நான் சாப்பிட்டேனா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் குழம்பை வைத்துவிட்டுப் போகிறாள். உன் கட்டிலை எடுக்கவில்லை. எடுக்கச் சொன்னவர்களிடம் முட்டிவலி எனக்கும் வரும், அப்போது வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டேன்.

இனி அந்த விஷயம். நினைவிருக்கிறதா, நீ தப்பாகப் புரிந்துகொண்டு ஊரையே கூட்டினாயே, அது.

தை மாதம் என் பள்ளிக்கூடப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு விமான நிலையத்துப் பக்கம் போயிருந்தேன். அங்கே தன்னார்வலர்கள் சேர்ந்து ஒரு விமான சேவை நடத்துகிறார்கள். இரண்டே பேர் உட்காரக்கூடிய சின்ன விமானம், ஒரு தகரக் கொட்டகை, கொஞ்சம் நாற்காலிகள். வெள்ளம் வந்தால் மேலே போய்ப் பார்த்து யார் எங்கே மாட்டியிருக்கிறார்கள் என்று கீழே இருப்பவர்களுக்குச் சொல்வார்கள். மாணவர்களைத் தரைவேலைக்குச் சேர்க்கிறோம் என்றார்கள். பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். "டீச்சர், பெரியவங்களும் சேரலாம்" என்றார் அங்கே இருந்தவர், சும்மா ஒரு மரியாதைக்கு. நானும் வரிசையில் நின்றுவிட்டேன். பிள்ளைகள் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து உன்னிடம் சொன்னேன்: "அம்மா, நான் விமான சேவைல சேரப்போறேன்."

நீ கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தாய். உன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் எப்போது பார்த்தேன் என்று எனக்கே நினைவில்லை. "இப்பவாவது புத்தி வந்துதே" என்றாய். நான் புடவை மாற்றிக்கொண்டு வருவதற்குள் கோமளா மாமி வீட்டுக்குச் செய்தி போய்விட்டது. மறுநாள் காலையில் வீதியில் பாதிப்பேருக்குத் தெரிந்திருந்தது, ரங்கு கோயிலில் விமானத்துக்குக் கைங்கரியம் பண்ணப்போகிறாள் என்று.

உன்னைச் சொல்லிக் குற்றமில்லை. ஸ்ரீரங்கத்தில் பிறந்தவளிடம் விமானம் என்றால், பெருமாள் படுத்திருக்கும் கர்ப்பக்கிருகத்துக்கு மேலே பொன் வேய்ந்து நிற்கிறதே, அதுதான். பிராகாரத்தில் அந்தக் குறிப்பிட்ட இடத்தில் நின்று, தலையைத் தூக்கி அதைத் தரிசிப்பதற்கு விமான சேவை என்றுதான் பெயர். வேறு ஊரில் ஒரு அம்மாவுக்கு இந்தக் குழப்பம் வந்திருக்காது. நான்தான் யோசித்துச் சொல்லியிருக்க வேண்டும், ஏரோப்ளேன் என்று.

உண்மையைச் சொன்னபோது நீ திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "கீழேர்ந்து சேவிச்சது போறாதுன்னு மேல போறியா?" என்று மட்டும் கேட்டாய். பிறகு, "அதுல உனக்கு என்ன வேலை?"

"பைலட் ஓட்டுவா. நான் பக்கத்துல உக்காந்து பாக்கணும். யாராவது மாட்டிண்டிருந்தா சொல்லணும்."

"பாக்கறது மட்டுந்தானா?"

"பாக்கறது மட்டுந்தாம்மா."

நீ முறத்தை மறுபடி எடுத்துக்கொண்டாய். "நீ சொல்லாம நான் சேர மாட்டேன், நீ சரின்னு சொன்னாத்தான்" என்று நான் உளறியது உனக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. உளுந்தில் கல் பொறுக்கிக்கொண்டே, "யோசிச்சுச் சொல்றேன்" என்றாய்.

அதற்குப் பிறகு நீ அதைப் பற்றிப் பேசவே இல்லை. நானும் கேட்கவில்லை. மாசி போனது, பங்குனி வந்தது, உனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் இருந்தபோது இதைக் கேட்பதற்கு எனக்கு வாய் வரவில்லை. நீ போய்விட்டாய். உன் பதில் மட்டும் எங்கேயோ நின்றுவிட்டது. யோசித்து முடித்தாயா, அம்மா?

நான் சேர்ந்துவிட்டேன். நீ சரி என்று சொன்னதாக வைத்துக்கொள்ளலாமா கூடாதா என்று தெரியாமலேயே சேர்ந்தேன். சனிக்கிழமைதோறும் ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்து, சத்திரம் பஸ் ஸ்டாண்டு வழியாகப் போய், இன்னொரு பஸ் மாறிப் போனேன். வெறும் வீட்டில் சனிக்கிழமை சாயங்காலத்தை எப்படி ஓட்டுவது என்று தெரியாததும் ஒரு காரணம். உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

எனக்கு வாய்த்த பைலட் பெயர் ஜெசிந்தா. பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த பெண், முப்பது வயதுகூட இருக்காது. என்னை அக்கா என்கிறாள், ஆனால் தப்புப் பண்ணினால் ஹெட்மிஸ்ட்ரஸ் மாதிரி பேசுகிறாள். பார்வையாளர் என்பதுதான் என் வேலைக்குப் பெயர். சினிமாக் கொட்டகை ஞாபகம் வருகிறது என்றேன். "அங்க தூங்கலாம், இங்க முடியாதுக்கா" என்றாள்.

வைகாசியில் எனக்குச் சோதனைப் பறப்பு வைத்தார்கள். ஆற்றுமணலில் எங்கேயோ ஒரு ஆரஞ்சுத் தார்ப்பாயை விரித்து வைத்திருப்பார்கள். மேலேயிருந்து அதைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் பார்வையாளர். இல்லாவிட்டால் பிள்ளைகளோடு தரையில் கொடி பிடிக்கலாம்.

விமானம் மேலே எழும்பியது. பொன்மலைப் பட்டறைக் கூரைகள் வரிசையாகப் போயின. மலைக்கோட்டை இடதுபக்கம் வந்து, குனிந்து, பின்னால் போனது. கோயிலுக்கு நேர் மேலே போகக்கூடாது என்பதால் திருவானைக்காவுக்கும் கிழக்கே ஒதுங்கிப் போனோம். பெருமாள் தலைக்கு மேல் நான் பறக்கவில்லை, அம்மா. இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

கொள்ளிடத்தைத் தாண்டித் திரும்பினோம். அப்போதுதான் ஸ்ரீரங்கம் என் பக்கத்து ஜன்னலுக்கு வந்தது.

இருபது வருஷத்துக்கு மேலாக நான் புவியியல் டீச்சர். ஸ்ரீரங்கம் ஒரு தீவு என்று கரும்பலகையில் எத்தனை தடவை வரைந்திருப்பேன். இரண்டு கோடு போட்டு, நடுவில் ஒரு முட்டை. அதை நானே நம்பியிருக்கவில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. நாம் தண்ணீர் பிடித்த தெரு, வாடகை வாங்க வரும் மனுஷர், பூக்காரி, ரேஷன் கடை எல்லாமே இரண்டு ஆற்றுக்கு நடுவில் மிதந்துகொண்டிருந்தன. வீதிக்குள் வீதி, மதிலுக்குள் மதில். கோபுரங்களை மேலேயிருந்து பார்த்தால் உயரமே தெரியவில்லை. நடுவில், தென்னை மரப் பச்சைக்குள் ஒரு மூக்குத்தி மாதிரி ஏதோ மின்னியது.

நம் விமானம், அம்மா. ஒரு கடுகு அளவு பொன்.

என்ன செய்தேன் தெரியுமா? நம் ஊர்க்காரர்கள் யாராக இருந்தாலும் செய்வதைத்தான் செய்தேன். கையைக் கூப்பிக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொண்டேன். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. உன் பேரைச் சொன்னேனா, பெருமாள் பேரைச் சொன்னேனா என்று தெரியாது. கண்ணைத் திறந்தபோது காவிரியைத் தாண்டியிருந்தோம்.

இறங்கிய பிறகு ஜெசிந்தா கேட்டாள்: "தார்ப்பாய் எங்க இருந்துச்சுக்கா?"

"நான் பாக்கலையே" என்றேன்.

"காவிரி மணல்ல, உங்க ஜன்னலுக்கு நேர் கீழ. நான் உங்கள திரும்பிப் பாத்தேன். கண்ண மூடிட்டு இருந்தீங்க." அவளுக்குக் கோபமில்லை, வருத்தம்தான். "பாக்கறதுக்குத்தானக்கா உங்கள கூட்டிட்டுப் போனேன்."

இன்னொரு வாய்ப்புத் தருவார்கள், அதிலும் இப்படி ஆனால் தரைவேலைதான் என்றாள். பஸ்ஸில் வரும்போது எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. உன் குரல்தான் காரணம். முட்டி விட்டுப்போய் நீ கோயிலுக்குப் போவது நின்ற பிறகு, நான் போய்விட்டு வந்தால் வாசலிலேயே விசாரணை வைப்பாயே. வஸ்திரம் என்ன கலர்? மாலை என்ன புஷ்பம்? நான் திருதிருவென்று விழித்தால் உனக்குத் தெரிந்துவிடும். "கண்ண மூடிண்டியா? கண்ண மூடிக்கறதுக்குக் கோயிலுக்கு எதுக்குடி போகணும், ஆத்துக் கட்டில்லயே படுத்துக்கலாமே. சேவிக்கறதுன்னா பாக்கறது. திருவடிலேர்ந்து ஆரமிச்சு மேல மேல பாத்துண்டு போகணும். எனக்கும் சேத்துப் பாத்துட்டு வரணும்."

பொன்மலைப் பெண்ணும் சித்திரை வீதி அம்மாவும் ஒரே குற்றத்துக்கு ஒரே திட்டைத்தான் திட்டினீர்கள்.

இரண்டாவது சோதனைக்கு நாள் குறிப்பதற்குள் ஆறு முந்திக்கொண்டது. ஆடிப்பெருக்கு கழிந்து, ஆவணி பிறந்ததும் மேட்டூரிலிருந்து உபரித் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். முக்கொம்பு அணையிலிருந்து கொள்ளிடத்தில் விட்டதில் அது கரைக்குக் கரை போனது. இந்தப் பக்கம் காவிரியில் அம்மா மண்டபத்துப் படிகள் முழுகிவிட்டன. ஒரு ஞாயிறு காலையில் ஜெசிந்தா போன் பண்ணினாள்.

"அக்கா, வடகரைல ஒரு கிராமத்துல ஒரு அம்மாவக் காணோமாம். ஆடு மேய்க்க ஆத்துத் திட்டுக்குப் போனவங்க. நேத்து சாயங்காலத்துலேர்ந்து தண்ணி ஏறிடுச்சு. நம்ம மத்த அப்சர்வர் ரெண்டு பேரும் மேற்கால போயிருக்காங்க. நீங்க வாங்க."

"நான் பாஸ் பண்ணலையேம்மா."

"தெரியும். எனக்கு வேற கண்ணு இல்ல. வாங்க."

படகுக்காரர்கள் கரையில் தயாராக நின்றார்கள். ஆனால் அந்தப் பக்கத்தில் திட்டுகள் பல. எது எங்கே முழுகியது, எது மிச்சம் என்று கரையிலிருந்து தெரியவில்லை. அந்தச் சுழிப்பில் திட்டுத் திட்டாகப் படகில் தேட முடியாது. எந்தத் திட்டு என்று தெரிந்தால் ஒரே தடவையில் போய்விடலாம். காணாமல் போனவள் பெயர் மலர்க்கொடி என்று சொன்னார்கள்.

கொள்ளிடத்தின் மேல் வந்தோம். ஆறு என்று சொல்ல முடியவில்லை, அம்மா. காவி நிறத்தில் ஒரு நாடே நகர்ந்துபோனது. மரம் போனது, வைக்கோல் போர் போனது. அதன் மேல் எங்கள் விமானத்தின் நிழல் சின்னதாக ஓடியது. இவ்வளவு பெரியதைப் படைத்தவன் எவ்வளவு பெரியவனாக இருக்க வேண்டும் என்று நினைத்தபோது எனக்குக் கை கூப்ப வந்தது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்தி உட்கார்ந்துகொண்டேன்.

கண்ணை எங்கே வைப்பது என்று முதலில் தெரியவில்லை. எல்லாமே அசைந்தது. பிறகு நீ சொன்னபடி செய்தேன். எங்களுக்கு நேர் கீழே இருந்த கரையைத் திருவடி என்று வைத்துக்கொண்டேன். அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே, அக்கரை வரைக்கும். மறுபடி கீழே வந்து, பக்கத்துத் துண்டை எடுத்துக்கொண்டு மேலே. முதல் திட்டில் நாணல் மட்டும். இரண்டாவது முழுகியிருந்தது. மூன்றாவதில் நாலைந்து கருவேல மரங்கள், அதன் அடியில் வெள்ளை வெள்ளையாக.

"கொக்கு" என்றேன்.

"கொக்குதானாக்கா?"

விமானத்தின் சத்தத்துக்கு அந்த வெள்ளையில் பாதி எழும்பிப் பறந்தது. பாதி பறக்கவில்லை. ஒன்றோடொன்று ஒண்டிக்கொண்டு அங்கேயே நின்றது. பறக்காததையே பார்த்தேன். கண் எரிந்தது, மூடவில்லை. ஆடுகள். ஆடுகளுக்கு மேலே கருவேலங்கிளையில் ஒரு மஞ்சள். துணியாக இருக்கலாம் என்று நினைத்தேன். அந்த மஞ்சளுக்குள்ளிருந்து ஒரு முகம் நிமிர்ந்தது.

"சேவிச்சாச்சு" என்றேன்.

"என்னக்கா?"

"சேவிச்சுட்டேன், ஜெசிந்தா. சேவிச்சுட்டேன்."

"அக்கா, எனக்குப் புரியல. பாத்தீங்களா இல்லையா?"

"பாத்துட்டேன்" என்று கத்தினேன். அதன் பிறகுதான் எனக்கு டீச்சர் குரல் வந்தது. வடகரையில் பம்ப்செட் கொட்டகைக்கு நேர் தெற்கே, மூன்றாவது திட்டு, அதன் கிழக்குக் கோடி, மரத்தின் மேலே ஒரு பெண், உயிரோடு இருக்கிறாள் என்று சொன்னேன். ஜெசிந்தா அதை அப்படியே கீழே சொன்னாள்.

படகு வரும் வரைக்கும் நாங்கள் அங்கேயே வட்டமடித்தோம். அப்போது நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

மரத்தின் மேல் இருந்தவள் ஒரு கையால் கிளையைக் கட்டிக்கொண்டு மறு கையை அசைப்பாள் என்று நினைத்தேன். அவள் அசைக்கவில்லை. கிளையில் முதுகைச் சாய்த்து, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கூப்பினாள். விமானம் போகும் பக்கமெல்லாம் அந்தக் கைகள் திரும்பின. முகம் முழுக்க மேலே நிமிர்ந்திருந்தது.

எத்தனை வருஷம் நாம் அந்தப் பிராகாரத்தில் அப்படி நின்றிருக்கிறோம், அம்மா. நீ என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றது எனக்கு நினைவில்லை, நீ சொல்லித்தான் தெரியும். கீழேயிருந்து நிமிர்ந்த முகம் மேலேயிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. அவ்வளவு சின்னதாக இருக்கிறது. அவ்வளவு தெளிவாகவும் இருக்கிறது. அந்த ஒரு முகத்தைத் தவிர அந்த வெள்ளத்தில் வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. நாம் நிற்கும்போது அங்கிருந்தும் இப்படித்தான் தெரிந்திருக்குமோ? கும்பிடு எனக்கில்லை என்று தெரியும், ஆனாலும் கூச்சத்தில் உடம்பு குறுகியது. ஜெசிந்தா இறக்கையை ஒரு பக்கம் சாய்த்து, மறு பக்கம் சாய்த்துக் காட்டினாள். அவள் சிலுவை போட்டுக்கொண்டதையும் பார்த்தேன். அன்றைக்கு எல்லாவற்றையும் பார்த்தேன்.

படகு போய் மலர்க்கொடியை இறக்கியது. ஆடுகளை ஏற்றாமல் ஏற மாட்டேன் என்று அங்கேயே தகராறு பண்ணினாளாம். ஏற்றிக்கொண்டுதான் வந்தார்கள்.

நான் இப்போது பார்வையாளர். சீருடைச் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு சின்ன இறக்கை கொடுத்திருக்கிறார்கள். எங்கள் விமானக் கொட்டகையில் இப்போதெல்லாம் யாராவது எதையாவது கண்டுபிடித்தால், தொலைந்த பேனாவாக இருந்தாலும் சரி, "சேவிச்சாச்சு" என்கிறார்கள். ஜெசிந்தாதான் ஆரம்பித்து வைத்தாள். வார்த்தைக்கு அர்த்தம் கேட்டாள், சொன்னேன். "அப்ப நம்ம சேவைக்குச் சரியாத்தான் பேரு வெச்சிருக்காங்க" என்றாள்.

இறக்கையைக் குத்திக்கொண்ட அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். வாசலில் நின்றேன். கேட்பதற்கு ஆளில்லை. கோமளா மாமிதான் குழம்புக் கிண்ணத்தோடு வந்தாள். சட்டையிலிருந்த இறக்கையைப் பார்த்துவிட்டு, "உங்கம்மா சொன்னாப்பலயே ஆயிடுத்துடி" என்றாள்.

"என்ன மாமி சொன்னா?"

"விமான சேவைன்னு வீதி பூரா சொல்லிட்டு, அப்புறம் ஏரோப்ளேனாம்னு என்கிட்ட வந்து சொன்னா. ஐயோ, தப்பாச் சொல்லிட்டியேன்னேன். அதுக்கு அவ, தப்பு என்ன தப்பு, நான் யோசிச்சுப் பாத்துட்டேன், சரியாத்தான் சொல்லியிருக்கேன்னா. நாமெல்லாம் கீழேர்ந்து சேவிக்கறோம், எம் பொண்ணு மேலேர்ந்து சேவிக்கப் போறான்னா. உன்கிட்ட சொல்லலையா?"

எனக்கு வாசற்படியில் உட்கார வேண்டியிருந்தது. மாமி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

ஊருக்கெல்லாம் சொன்னவள் என்னிடம் மட்டும் சொல்லவில்லையே, அம்மா. சொன்னதாக நினைத்துக்கொண்டாயா? இல்லை, ரங்குவுக்குத் தெரியாதா என்று விட்டுவிட்டாயா? போகட்டும். யோசித்து முடித்திருக்கிறாய், அது போதும் எனக்கு.

இனி ஒரு வார்த்தை கொடுக்கிறேன். எத்தனை பெரிய வெள்ளமாக இருந்தாலும், எவ்வளவு அழகாக இருந்தாலும், கண்ணை மூடிக்கொள்ள மாட்டேன். திருவடியிலிருந்து ஆரம்பித்து, உனக்கும் சேர்த்துப் பார்ப்பேன். ஒவ்வொரு தடவை இறங்கி வந்ததும் நம் வாசலில் ஒரு நிமிஷம் நின்று, என்ன கலர், என்ன புஷ்பம், எத்தனை ஆடு என்று ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வருவேன்.

மலர்க்கொடி உடுத்தியிருந்தது மஞ்சள் புடவை, அம்மா. சிவப்புக் கரை.

சேவித்துவிட்டு வந்திருக்கும்,
உன் பெண்
ரங்கு